பொய்க்கடிதம் விழிஞ்ஞத்துக்கு வந்த வழி

விழிஞ்ஞத்துக்குக் கடல் கொண்டுவந்து சேர்த்தவை ஏராளம். ஆய் மன்னர்கள் காலத்திலேயே இது பெயர்பெற்ற துறை. இதற்காகவே பாண்டியரும் சோழரும் படை நடத்தினார்கள். 2024 ஜூலை 11 அன்று ‘சான் ஃபெர்னாண்டோ’ என்ற பெரிய சரக்குக் கப்பல், இங்கே புதிதாகக் கட்டப்பட்ட ஆழ்கடல் துறைமுகத்தில் வந்து நின்றது. 2025 மே 2 அன்று பிரதமர் அந்தத் துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அடுத்த மாதம், உலகின் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல்களில் ஒன்றான ‘எம்எஸ்சி ஐரினா’ கரையணைந்தது. சர்வதேசக் கப்பல் பாதை இங்கிருந்து ஏறக்குறைய 10 கடல் மைல் தொலைவில்தான் இருக்கிறது. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே இருக்கும் ஒரு மீன்பிடி ஊர், சில ஆண்டுகளுக்குள் உலக வணிகத்தின் வாசலாகிவிட்டது.

துறைமுகம் வந்தால் வேலை வரும். வேலை வந்தால் விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களும் பெருகுவார்கள். காத்திருப்பவரைத் தேடி ஒரு கடிதம் வரும். ‘நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள். நாளைக்குள் பதிவுக் கட்டணம் கட்டவும். வெளியே சொல்ல வேண்டாம்.’ மின்னஞ்சலாக வரலாம், வாட்ஸ்அப் செய்தியாக வரலாம், முத்திரையும் கையெழுத்தும் வைத்த பிடிஎஃப் கோப்பாகவும் வரலாம். கப்பல், துறைமுகம், வெளிநாடு ஆகிய மூன்றும் கலந்து மணக்கும் எந்த ஊரிலும் இப்படிப்பட்ட கடிதத்துக்கு வாசகர்கள் இருக்கிறார்கள். குளச்சலிலும் தூத்தூரிலும் இருப்பவர்களுக்கும் இது புதிதல்ல.

அந்தக் கடிதத்துக்கு இப்போது இருநூறு வயதுக்கு மேல். அது எங்கே பிறந்தது, எந்தெந்த ஊர் வழியாக வந்தது, வழியில் எதையெல்லாம் மாற்றிக்கொண்டது, எதை மட்டும் மாற்றவே இல்லை என்று தெரிந்துவைத்திருந்தால், நாளை நம் வீட்டுக் கைபேசியில் அது வந்து நிற்கும்போது அடையாளம் கண்டுகொள்ளலாம். அதற்காகத்தான் இந்த வாழ்க்கை வரலாறு.

சிறைக்குள் பிறந்தது

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிந்தைய ஆண்டுகள். பாரிஸை அடுத்த பிசேத்ர் சிறையில் இருந்த கைதிகள், ஊரிலுள்ள பணக்காரர்களின் முகவரிகளைத் திரட்டிக் கடிதம் எழுதினார்கள். கடிதத்தின் கதை எப்போதும் ஒன்றுதான். ‘நான் ஒரு பிரபுவின் வேலையாள். புரட்சிக்குப் பயந்து என் எஜமானர் தங்கமும் வைரமும் நிறைந்த பேழையோடு தப்பி ஓடினார். பிடிபடாமல் இருக்க அதை உங்கள் ஊருக்கு அருகே மறைத்துவிட்டோம். இப்போது நான் சிறையில் இருக்கிறேன். கொஞ்சம் பணம் அனுப்பினால் பேழை இருக்கும் இடத்தைச் சொல்கிறேன். பங்கு தருகிறேன்.’

இதைப் பதிவுசெய்தவர் ஒய்ஜேன் ஃபிரான்சுவா விடோக். குற்றவாளியாக இருந்து சிறை கண்டவர். பின்னாளில் பாரிஸ் காவல்துறையின் துப்பறியும் பிரிவை அமைத்தவர். 1828-இல் வெளிவந்த தன் நினைவுக்குறிப்புகளில், இப்படி எழுதப்பட்ட நூறு கடிதங்களில் இருபதுக்குப் பதில் வந்தது என்கிறார். நூற்றுக்கு இருபது! படித்தவர்கள், சொத்து உடையவர்கள், ஊரில் மதிப்பு உள்ளவர்கள் பதில் எழுதினார்கள். 

அந்த முதல் கடிதத்திலேயே நான்கு எலும்புகள் இருந்தன. நம் தகுதிக்கு மீறிய ஒரு பெரும் ஆசை அல்லது பெரும் அச்சம். யாரிடமும் சொல்லாதே என்ற ரகசியம். உடனே செய் என்ற அவசரம். முதலில் ஒரு சிறு தொகை. இந்த நான்கையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை எத்தனை கண்டம் தாண்டினாலும் இவை உடன்வரும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடிதம் ஸ்பெயினுக்குக் குடிபெயர்ந்தது. அங்கிருந்து இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறியது. இப்போது எழுதுபவர் ஸ்பெயின் சிறையில் வாடும் ஒரு கனவான். கூடவே ஆதரவற்ற ஒரு மகள். 1898-இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதைப் பற்றி எழுதியபோதே, போலீசார் அறிந்த மிகப் பழைய மோசடிகளில் ஒன்று என்றுதான் குறிப்பிட்டது.

அந்தக் காலத்தில் ஒரு கடிதம் அனுப்பத் தாள் வேண்டும், மை வேண்டும், தபால்தலை வேண்டும். ஆகவே மோசடிக்காரர்கள் ஆள் பார்த்துத்தான் அனுப்பினார்கள். விழிஞ்ஞத்தில் கட்டுமரம் தள்ளுகிற ஒருவரின் வீட்டுக்கு அதை அனுப்பினால் தபால்தலைக் காசுகூடத் தேறாது. ஏழைகளை அன்று காத்தது கடிதத்தின் செலவு. அந்தக் காவல் பின்னால் போய்விட்டது.

ஆப்பிரிக்கக் கரையில்

1980-களில் எண்ணெய் விலை சரிந்து நைஜீரியாவின் பொருளாதாரம் தள்ளாடியபோது, வேலையில்லாத, படித்த இளைஞர் கூட்டம் ஒன்று உருவானது. ஸ்பெயின் கைதி அங்கே வேறு உடை உடுத்தினார். அவர் இப்போது எண்ணெய்த் துறை அதிகாரி, ராணுவ ஆட்சியாளரின் விதவை, அல்லது வங்கி மேலாளர். கோடிக்கணக்கான டாலர் முடங்கிக் கிடக்கிறது. வெளியே எடுக்க உங்கள் வங்கிக் கணக்கு வேண்டும். மூன்றில் ஒரு பங்கு உங்களுக்கு. தபாலில் வந்தது, டெலெக்ஸில் வந்தது, பிறகு ஃபேக்ஸில் வந்தது. ஏமாற்றிப் பொருள் பெறுவதைத் தண்டிக்கும் நைஜீரியக் குற்றவியல் சட்டத்தின் 419-ஆம் பிரிவே அதற்குப் பெயராகிவிட்டது. நைஜீரிய மத்திய வங்கி, வெளிநாட்டுப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்து மக்களை எச்சரிக்க வேண்டியிருந்தது.

ஏமாறுபவர்கள் விவரம் தெரியாதவர்கள் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1995-க்கும் 1998-க்கும் இடையில், பிரேசிலின் ‘பாங்கோ நோரோயெஸ்டே’ வங்கியின் உயர் அதிகாரி ஒருவர், நைஜீரிய மத்திய வங்கியின் ஆளுநர் என்று சொல்லிக்கொண்ட ஒருவரை நம்பினார். அபுஜாவில் விமான நிலையம் கட்டும் ஒப்பந்தம் என்றார்கள். அந்த வங்கியிலிருந்து போன பணம் 24 கோடி 20 லட்சம் டாலர். விமான நிலையம் காகிதத்தில்கூட இருக்கவில்லை. பணத்தையே தொழிலாகக் கொண்டவர் ஏமாந்திருக்கிறார். ஏமாற்று அறியாமையைத் தேடி வருவதில்லை, ஒருவர் தனியாக முடிவெடுக்கும் நேரத்தைத் தேடி வருகிறது.

மின்னஞ்சலில் ஏறியது

மின்னஞ்சலைக் கொண்டுசேர்க்கும் அடிப்படை விதிமுறையை 1982-இல் ஜான் போஸ்டல் எழுதினார். பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் தங்களுக்குள் கடிதம் பரிமாறிக்கொண்ட காலம் அது. அனுப்புபவரை எல்லோரும் அறிவார்கள். ஆகவே அனுப்புபவர் உண்மையில் அவர்தானா என்று சரிபார்க்கும் ஏற்பாடு அந்த விதிமுறையில் இல்லை. ‘அனுப்புநர்’ என்ற இடத்தில் எந்தப் பெயரை எழுதினாலும் கடிதம் போய்ச் சேர்ந்தது. உலகம் முழுவதும் அதே விதிமுறையில்தான் பின்னர் மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கியது.

1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. சில ஆண்டுகளில் ஊருக்கு ஊர் பிரவுசிங் சென்டர்கள். அங்கே முதல் மின்னஞ்சல் முகவரி தொடங்கியவர்களுக்கு லாட்டரியில் பரிசு விழுந்திருப்பதாகக் கடிதம் வந்தது. கலந்துகொள்ளாத போட்டியில் எப்படிப் பரிசு விழும் என்று பலர் கேட்டார்கள், சிலர் கேட்கவில்லை. அவர்களிடம் வரி, சுங்கம், கூரியர் என்று தவணை தவணையாக வாங்கினார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரிலும் ஆளுநரின் பெயரிலுமே போலிக் கடிதங்கள் கிளம்பின. தனிநபருக்குத் தாங்கள் கணக்குத் தொடங்குவதில்லை என்றும், வெளிநாட்டு லாட்டரிக்கு எந்த வடிவில் பணம் அனுப்பினாலும் அந்நியச் செலாவணிச் சட்டப்படி தவறு என்றும் ரிசர்வ் வங்கி திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

பணம் கேட்காத இன்னொரு கிளையும் அப்போதே முளைத்தது. 1994-இல் ‘குட் டைம்ஸ்’ என்ற தலைப்பில் வரும் மின்னஞ்சலைத் திறந்தால் கணினி அழிந்துவிடும் என்று ஓர் எச்சரிக்கை உலகைச் சுற்றியது. அப்படி ஒரு வைரஸே கிடையாது. ‘எல்லோருக்கும் அனுப்புங்கள்’ என்ற ஒற்றை வரிதான் அதன் கால்கள். நல்ல மனம் படைத்தவர்களே அதைச் சுமந்து சென்றார்கள். இன்று குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் வரும் பொய் எச்சரிக்கைகளின் மூதாதை அது.

மிரட்டலாக மாறியது

அந்தக் கிளையின் கொடிய வாரிசு 2025-இல் திருவனந்தபுரத்துக்கு வந்தது. மார்ச் 18 அன்று, குடப்பனக்குன்னில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. ஊழியர்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். சோதனை நடக்கும்போது கட்டடத்தில் இருந்த தேன்கூடு கலைந்து, அங்கே நின்றவர்களைத் தேனீக்கள் கொட்டின. பலர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். குண்டு எதுவும் இல்லை. அதே நாளில் பத்தனம்திட்டா ஆட்சியர் அலுவலகத்துக்கும் அப்படி ஒரு மின்னஞ்சல் போயிருந்தது. ஏப்ரல் இறுதியில், துறைமுகத்தை அர்ப்பணிக்கப் பிரதமர் வருவதற்குச் சில நாள்களுக்கு முன், முதல்வரின் அலுவலகம், ராஜ்பவன், விமான நிலையம் என்று மிரட்டல்கள் தொடர்ந்தன. அத்தனையும் பொய்.

பொய் என்று தெரிந்தாலும் காவல்துறை ஒவ்வொரு முறையும் தேடித்தான் ஆக வேண்டும். மோப்ப நாய் வர வேண்டும், மக்கள் வெளியே நிற்க வேண்டும், அலுவலக வேலை நிற்க வேண்டும். கடிதம் எழுதியவருக்குச் செலவு ஒன்றுமில்லை. ஊருக்கு ஒரு நாள் போகிறது.

எழுதியவர் மறைந்தே இருப்பார் என்று சொல்ல முடியாது. 2025 ஜூனில், பல மாநிலங்களுக்கு இப்படிப்பட்ட மின்னஞ்சல்கள் அனுப்பியதாக ஆமதாபாத் சைபர் கிரைம் போலீசார் சென்னையில் ஒரு பொறியாளரைக் கைது செய்தார்கள். தன்னை விரும்பாத ஒருவரைச் சிக்கவைக்க அவர் பெயரில் அனுப்பப்பட்டவை என்பது போலீஸ் தரப்பின் குற்றச்சாட்டு. முகவரியை மறைக்கும் மென்பொருள்கள் எல்லாம் பயன்படுத்தப்பட்டிருந்தன. உண்மைக் கணக்கும் போலிக் கணக்கும் ஒரே கருவியில் திறக்கப்பட்ட ஒரு தருணம் போதுமானதாக இருந்தது.

முகமும் குரலும் பெற்றது

மின்னஞ்சலுக்குச் சல்லடைகள் வந்தன. அனுப்புநரைச் சரிபார்க்கும் முறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. மொத்தமாக அஞ்சல் அனுப்புவோர் அவற்றைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் விதி வகுத்தன. கடிதம் அதற்குள் வேறு வழி பார்த்துக்கொண்டது. வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் அத்தகைய சல்லடை கிடையாது. யுபிஐ 2016-இல் வந்த பிறகு, பணம் அனுப்ப வங்கிக்குப் போக வேண்டிய தேவையும் இல்லாமல் போனது. வங்கி வரிசையில் நிற்கும்போது வரக்கூடிய இரண்டாவது யோசனைக்கு இப்போது நேரமே இல்லை.

2023 ஜூலையில் கோழிக்கோட்டில் ஓய்வுபெற்ற ஒருவருக்கு, பழைய அலுவலக நண்பர் வாட்ஸ்அப் வீடியோவில் அழைத்தார். அதே முகம், அதே குரல். உறவினரின் அறுவைச் சிகிச்சைக்கு 40,000 ரூபாய் வேண்டும் என்றார். இவர் அனுப்பினார். மேலும் 35,000 கேட்டபோது சந்தேகப்பட்டு, தன்னிடம் இருந்த நண்பரின் பழைய எண்ணுக்கு அழைத்தார். நண்பருக்கு ஒன்றும் தெரியாது. செயற்கை நுண்ணறிவால் செய்த முகம் அது. அவர் தயங்காமல் புகார் கொடுத்ததால் கேரளக் காவல்துறை அந்தப் பணத்தை மீட்டுக்கொடுத்தது. அவரைக் காப்பாற்றியது நுட்பமான எந்தக் கருவியும் இல்லை. தெரிந்த எண்ணுக்கு இவரே செய்த ஒரு போன்தான்.

பிறகு ‘டிஜிட்டல் கைது’ வந்தது. போலீஸ் என்று சொல்லிக்கொண்டு வீடியோவில் அழைப்பார்கள். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, உங்கள் ஆதாரில் கறுப்புப் பணக் கணக்கு இருக்கிறது, கேமராவை அணைக்காதே, வீட்டில் யாரிடமும் சொல்லாதே, விசாரணை முடியும்வரை பணத்தை அரசுக் கணக்கில் போட்டுவை. காக்கிச் சட்டை, பின்னால் சிபிஐ சின்னம், நீதிமன்ற ஆணை. பிசேத்ர் சிறையின் அதே நான்கு எலும்புகள். ஆசை இருந்த இடத்தில் அச்சம், அவ்வளவுதான் வேறுபாடு. 2024 அக்டோபர் 27 அன்று ‘மனதின் குரல்’ நிகழ்ச்சியில் பிரதமரே, டிஜிட்டல் கைது என்ற ஒன்று சட்டத்தில் இல்லை என்று சொன்னார். உச்ச நீதிமன்றத்தின் பெயரிலேயே போலி ஆணைகள் தயாரித்து ஒரு மூத்த தம்பதியிடம் பணம் பறித்ததை அறிந்து, 2025 அக்டோபரில் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது.

2024 நவம்பரில் திருச்சூரில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். மும்பை போலீஸ் என்று சீருடையோடு வீடியோவில் அழைத்த ஒருவர், எதிர்முனையில் இருப்பவரைக் கேமராவுக்கு வரச்சொல்லி வற்புறுத்தினார். வந்து நின்றவர் திருச்சூர் சைபர் பிரிவின் காவல் அதிகாரி. அந்த அழைப்பு யாரையும் அறிந்து வரவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ‘என் பெயர் தெரிந்திருக்கிறது, என் ஆதார் எண் தெரிந்திருக்கிறது, ஆகவே உண்மையாக இருக்கும்’ என்று பலர் மனம் உடைகிறார்கள். கசிந்த பட்டியல்களில் அவை எல்லாம் கிடைக்கின்றன. அவர்களுக்கு நாம் பட்டியலில் ஒரு வரி.

விழிஞ்ஞத்துக் கரைக்காரர்களுக்குக் கள்ளக்கடல் தெரியும். தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் எங்கோ வீசிய புயலின் அலை, இங்கே காற்றும் மழையும் இல்லாத வெயில் நாளில் திடீரென்று கரையேறி வீட்டுக்குள் நுழையும். வானத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இந்தக் கடிதமும் அப்படித்தான் வருகிறது. புயல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்கு நாமும் தெற்கைவிட்டுக் கிழக்கே போக வேண்டும்.

எழுதும் கைகள்

தாய்லாந்தின் மே சோட் நகரத்துக்கு எதிரே, மொய் ஆற்றுக்கு அப்பால் மியான்மரின் மியாவாடி. அங்கேயும் கம்போடியாவின் சிஹானூக்வில்லிலும், மதிலும் கம்பிவேலியும் ஆயுதக் காவலும் கொண்ட வளாகங்களில் இன்றைய பொய்க்கடிதங்கள் பல எழுதப்படுகின்றன. எழுதுபவர்களில் பலர் விரும்பி வந்தவர்கள் இல்லை. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறக்குறைய 1,00,000 பேரும் இவ்வாறு மோசடி வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்டிருக்கலாம் என்று ஐநா மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் மதிப்பிட்டது.

அவர்கள் எப்படி அங்கே போனார்கள்? ஒரு கடிதத்தால். தாய்லாந்தில் கணினி வேலை, நல்ல சம்பளம், விமானச் சீட்டு நாங்களே தருகிறோம். பாங்காக்கில் இறங்கியவர்களை இரவோடிரவாக ஆற்றைக் கடத்திக் கொண்டுபோனார்கள். பாஸ்போர்ட்டைப் பறித்துக்கொண்டார்கள். இலக்கை எட்டாதவர்களை அடித்தார்கள். 2022 அக்டோபரில் அங்கிருந்து மீட்கப்பட்டு 13 தமிழர்கள் சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை விமானங்கள் இரண்டு நாள்களில் 549 இந்தியர்களை அழைத்துவந்தன.

கடிதம் தன்னை எழுதும் கைகளைத் தானே பிடித்துக்கொள்கிறது. ஒரு வேலைக் கடிதத்தை நம்பிப் போன இளைஞன், நாளை ஒரு முதியவரை மிரட்டும் வாசகத்தைத் தட்டச்சு செய்ய வைக்கப்படுகிறான். ஒருவர் இழந்த சேமிப்பும் இன்னொருவர் இழந்த சுதந்திரமும் ஒரே கயிற்றின் இரு முனைகள். இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

திருவனந்தபுரம் கடற்கரைக்கு இந்த வலி நேரடியாகவும் தெரியும். 2024-இன் தொடக்கத்தில், அஞ்சுதெங்கு, பொழியூர் போன்ற கரையோர ஊர்களின் இளைஞர்கள் பாதுகாப்புக் காவலர் வேலை என்று ரஷ்யாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டு, உக்ரைன் போர்முனைக்கு அனுப்பப்பட்டது வெளியே வந்தது. சமூக ஊடக விளம்பரங்களும் உள்ளூர் முகவர்களும் சேர்ந்து பின்னிய வலை என்று சிபிஐ வழக்குப் பதிவுசெய்தது. விழிஞ்ஞத்துக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று, இரண்டும் அதே கடலின் ஊர்கள்.

ஆகவே வேலைக் கடிதத்தைச் சரிபார்க்கும் வழிகளை இந்தக் கரையில் ஒவ்வொரு வீடும் அறிந்திருக்க வேண்டும். கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனம், கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் அதன் இணையதளத்தில் இருக்கிறது. வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. கரையில் வெளிநாட்டு வேலை என்றால், 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவுபெற்ற முகவராக இருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். முகவரின் பதிவை வெளியுறவு அமைச்சகத்தின் ‘இ-மைகிரேட்’ தளத்தில் பார்க்கலாம். திருவனந்தபுரத்தில் குடிபெயர்ந்தோர் பாதுகாவலர் அலுவலகமும் தைக்காட்டில் வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான நோர்க்கா ரூட்ஸ் அலுவலகமும் இருக்கின்றன. சுற்றுலா விசாவில் வந்துவிடு, அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று எவர் சொன்னாலும் அந்தப் பேச்சு அங்கேயே முடிய வேண்டும்.

பணம் போகும் வழி

கடிதம் வந்த வழியைப் பார்த்தோம். பணம் திரும்பிப் போகும் வழியும் நம் ஊருக்குள்தான் தொடங்குகிறது. ஏமாந்தவர் அனுப்பும் பணம் நேராக வெளிநாடு போவதில்லை. முதலில் யாரோ ஒரு மாணவரின், கூலித் தொழிலாளியின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. மாதம் சில ஆயிரம் ரூபாய்க்கு ஏடிஎம் கார்டையும் சிம்மையும் வாடகைக்குக் கொடுத்தவர் அவர். அங்கிருந்து சில நிமிடங்களில் பத்து இருபது கணக்குகளுக்குப் பிரிகிறது, மீண்டும் பிரிகிறது, கடைசியில் ரொக்கமாகவோ கிரிப்டோ நாணயமாகவோ மாறி நாட்டைவிட்டு வெளியேறுகிறது. கணக்கை வாடகைக்கு விட்டவர் போலீஸ் வரும்போதுதான் விஷயம் அறிகிறார். சட்டத்தின் முன் அவரும் குற்றத்தில் பங்காளி.

அந்தப் பணத்தில் ஒரு சிறு துளி, சாப்பாட்டுக் கடையிலோ மீன் கடையிலோ கியூஆர் கோடு வழியாகச் செலவாகியிருந்தால், ஒன்றும் அறியாத கடைக்காரரின் கணக்கும் முடக்கப்படுவதுண்டு. 2023-இல் கேரளத்தில் சிறு வணிகர்கள் பலர் இப்படித் தவித்தார்கள். வேறு மாநிலப் போலீசாரின் ஒரு கடிதத்தால் வாழ்நாள் சேமிப்பு முழுவதும் பூட்டப்பட்டது. டாக்டர் சஜீர் எதிர் ரிசர்வ் வங்கி வழக்கில், சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைக்கலாம், கணக்கு முழுவதையும் முடக்க வேண்டாம் என்று கேரள உயர் நீதிமன்ற நீதிபதி தேவன் ராமச்சந்திரன் வழிகாட்டினார். தாங்கள் எந்தக் கடிதத்தையும் நம்பாமலே அதன் விலையைக் கொடுத்தவர்கள் அவர்கள்.

2024-இல் மட்டும் இந்தியர்கள் இணைய மோசடிகளில் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. முந்தைய ஆண்டில் அது 7,465 கோடி.

எப்படி அடையாளம் காண்பது

உடையைப் பார்க்காதீர்கள், எலும்பைப் பாருங்கள். பெரும் ஆசை அல்லது அச்சம், ரகசியம், அவசரம், முதல் தொகை. இந்த நான்கில் இரண்டு சேர்ந்து வந்தாலே நிறுத்துங்கள். உண்மையான வங்கியும் நீதிமன்றமும் துறைமுகமும் உங்களுக்கு அவகாசம் தரும். வீட்டில் சொல்லாதே என்று எந்த அரசு அலுவலகமும் சொல்லாது.

மின்னஞ்சலில் தெரியும் பெயரை நம்பாமல், அதைத் தொட்டு முழு முகவரியைப் பாருங்கள். பதில் போகும் முகவரி வேறாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கில ‘எம்’ எழுத்துக்குப் பதிலாக ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் நெருக்கி வைத்து ஏமாற்றுவதுண்டு. இணைய முகவரியில் முதல் தனிச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் இருக்கும் பகுதிதான் அதன் உரிமையாளரைக் காட்டும். வங்கியின் பெயர் அதற்கு முன்னால் எங்கே வந்தாலும் பொருளில்லை. இந்திய வங்கிகள் ‘பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025-இல் விதித்திருப்பதால், இந்தச் சோதனை இப்போது எளிது. அரசு அலுவலகம் என்றால் முகவரி ‘கவ் டாட் இன்’ அல்லது ‘நிக் டாட் இன்’ என்று முடிய வேண்டும். ஜிமெயில் முகவரியிலிருந்து நியமன ஆணை வராது.

ஏற்றுமதி, கப்பல் சரக்கு, மீன் வணிகம் செய்பவர்களுக்கு ஒரு சொல். ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் செலுத்துங்கள்’ என்று பழகிய வாடிக்கையாளரிடமிருந்தே அஞ்சல் வந்தாலும், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் அழைத்துக் கேளுங்கள். அந்த அஞ்சலில் கொடுத்திருக்கும் எண்ணில் கேட்காதீர்கள்.

பணம் பெறுவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. போக்குவரத்து அபராதம் என்று ஏபிகே கோப்பு வந்தால் திறக்காதீர்கள். அரசின் வாகனச் சேவைத் தளமான பரிவாகன் பெயரில் அப்படி ஒரு செயலியைப் பரப்பியதாக 2025 ஜூலையில் கொச்சி சைபர் போலீசார் வாரணாசிவரை போய் இருவரைக் கைது செய்தார்கள்.

பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள். அந்த எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சொன்னால், பணம் கணக்குக் கணக்காகத் தாவிக்கொண்டிருக்கும்போதே அதை நிறுத்த முடிகிறது. பிறகு சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் பதியுங்கள். பணம் போகாவிட்டாலும், வந்த சந்தேக அழைப்பையும் செய்தியையும் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தின் ‘சக்ஷு’ பகுதியில் தெரிவிக்கலாம். அந்த எண் முடக்கப்பட்டால் இன்னொருவர் தப்புவார்.

இத்தனையும் செய்யத் தடையாக நிற்பது வெட்கம். படித்திருந்தும் ஏமாந்தேனே, பிள்ளைகளுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று மறைத்துவிடுகிறார்கள். அந்த மறைப்பைக் கடிதம் எழுதுபவர் முன்கூட்டியே கணக்கில் வைத்திருக்கிறார். ஆகவே வீட்டில் ஒரு முதியவர் தயங்கித் தயங்கிச் சொல்லத் தொடங்கும்போது, எப்படி இதைப் போய் நம்பினீர்கள் என்று கேட்காமல் இருப்பது பிள்ளைகளின் கடமை. திட்டு வாங்கிய வீட்டில் அடுத்த முறை எவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் இந்தக் கரையில் எத்தனையோ வீடுகளை வெறுமையாக்கியது. எச்சரிக்கை யாரிடமிருந்து வருகிறது, எப்போது வருகிறது என்பது உயிர்ப் பிரச்சினை என்று கடலுக்குப் போகும் குடும்பங்கள் அறிந்தவை. சொன்னது யார் என்று கேட்பதும், ஒருவரோடு ஒருவர் கலந்து பேசி முடிவெடுப்பதும் இவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டிய பழக்கங்கள் இல்லை. கைபேசிக்கு வரும் கடிதத்துக்கும் அந்தப் பழக்கம் அப்படியே போதும்.

இருநூறு ஆண்டுகளில் இந்தக் கடிதம் மொழி மாறியது, நாடு மாறியது, முகமும் குரலும்கூட மாற்றிக்கொண்டது. ‘வேறு யாரிடமும் சொல்லாதே’ என்ற வரியை மட்டும் அதனால் கைவிட முடியவில்லை, ஏனென்றால் அதன் உயிர் அந்த வரியில் இருக்கிறது. உங்களுக்கு வந்ததை அருகில் இருக்கும் இன்னொருவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். பெரும்பாலான பொய்க்கடிதங்களால் அதைத் தாண்டி வாழ முடியாது.